உறவு என்ற இடத்தில்

மங்களத்துக்கு வக்கீல் வேண்டும். ஆனால் அவளைத் தெரிந்த வக்கீல் ஆகாது.

பெங்களூரு விவேக் நகரில் அவள் தெருமுனையிலேயே போர்டு மாட்டிய வக்கீல் ஒருவர் இருக்கிறார். நல்ல மனிதர்தான். ஆனால் ஜெயராமன் இறந்த பத்தாம் நாள், மங்களத்தின் தாலியைக் கழற்றும்போது அவளைக் கட்டிக்கொண்டு அழுதவள் அந்த வக்கீலின் மனைவி. அது ஊர் வாய்க்குப் பயந்து ஜெயராமன் சிவாஜி நகரில் வாங்கிக் கொடுத்த தாலி, எந்தக் கோயிலிலும் கட்டியதில்லை என்று அந்த அம்மாளிடம் எப்படிச் சொல்வது? ஜெயராமன் முறையாகத் தாலி கட்டிய மனைவியும், யுவன் என்ற மகனும் ஆனேக்கல்லில் இருக்கிறார்கள். தெருவுக்கு இது தெரியாது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

மங்களம் ஆஸ்பத்திரியில் ஆயா. பிணத்துக்குப் பயப்படாதவள். பெரிய டாக்டரிடமே "தள்ளி நில்லுங்க சார், தரை ஈரம்" என்பாள். அப்படிப்பட்டவள், யுவன் போனில் "வீட்டைக் காலி பண்ணுங்க" என்றதிலிருந்து கேட் சத்தம் கேட்டாலே நடுங்கினாள். ஜெயராமன் அந்த இரண்டு அறை வீட்டை அவளுக்கு உயில் எழுதி வைத்திருந்தார். யுவன் சண்டைக்கு நிற்பதால், உயிலைக் கோர்ட்டில் நிரூபித்தால்தான் வீடு தங்கும். இல்லாவிட்டால் அவளுக்கு நடுத்தெருதான்.

அதனால்தான் பஸ் மாறி மல்லேஸ்வரம் போனாள். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். பஸ்ஸில் ஏறிய ஒவ்வொருவரும் அவளுக்கு விவேக் நகர் ஆளாகவே தெரிந்தார்கள்.

வக்கீல் பார்கவிக்குச் சின்ன வயசுதான். உயிலை நிதானமாகப் படித்தார்.

"உயில் நல்லாத்தான் இருக்கும்மா. ரிஜிஸ்டரும் ஆயிருக்கு. சாட்சி போட்ட ஸ்ரீகண்டன் யாரு?"

"எங்க தெரு மளிகைக் கடைக்காரரு மேடம்."

"அவரு கோர்ட்டுக்கு வரணும். மத்த வாரிசுங்களுக்கும் நோட்டீஸ் போகும். சரி, மனுவுல உறவு என்னன்னு போடணும். நீங்க மனைவிதானே?"

 மங்களம் பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

பார்கவி பேனாவைக் கீழே வைத்தார். "அப்போ மனைவின்னு போடவே கூடாது. அந்த ஒரு பொய் மாட்டினா உயிலையே சந்தேகப்படுவாங்க. அது அவரு சம்பாதிச்ச வீடு, யாருக்கு வேணா எழுதலாம். உறவு இல்லைன்னே போட்டுடலாம்."

"தெருவுக்குத் தெரிஞ்சிடுமே மேடம்."

"தெரியத்தாம்மா செய்யும். வீடு வேணுமா, வேணாமா?"

வேணும் என்று மங்களம் தலையாட்டினாள்.

"கோர்ட்ல உங்களையும் கேப்பாங்க. தடுமாறினா எதிர் வக்கீல் புடிச்சிப்பாரு. அவரு உங்களுக்கு உறவு இல்லைன்னு இப்பவே ஒரு தடவை சொல்லிப் பாருங்க. 'அவரு, இவரு'ன்னு சொல்லக் கூடாது. பேரு சொல்லிச் சொல்லணும்."

இத்தனை வருஷத்தில் மங்களம் அவர் பெயரை வாயால் சொன்னதே இல்லை. ஆஸ்பத்திரியில் அவருக்குச் சீட்டு எழுதும்போதுகூட, பக்கத்தில் நின்ற நர்சைத்தான் சொல்லச் சொன்னாள். புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்ற பயம். இனிமேல் குறைய ஆயுசு இல்லை. பயம் மட்டும் அப்படியே இருந்தது. முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஜெயராமன்…" என்றாள். நாக்கு ஒட்டிக்கொண்டது. "ஜெயராமன் எனக்கு யாரும் இல்லைங்க."

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்கம்மா," என்றார் பார்கவி.