சிஸ்டர் பவித்ரன்

ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனை. அதன் மூன்றாம் மாடி வார்டுக்குப் பவித்ரன்தான் பொறுப்பு. அதுவரை பெண்களே வகித்த பொறுப்பு என்பதால் அதற்கு 'சிஸ்டர்' என்று பெயர். அந்தப் பெயர் இவருக்கும் ஒட்டிக்கொண்டது. "சிஸ்டர் பவித்ரன் இருக்காரா?" என்று மற்ற மாடிகளிலிருந்து தொலைபேசியில் கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். "பேசுறேன், சொல்லுங்க" என்பார் இவர்.

பிறந்தது கோப்பெங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். இப்போது அங்கே செம்பனை மரங்கள் நிற்கின்றன. அப்பா அர்ச்சுனன் தோட்டத்து ஆள்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர். விடியற்காலையில் ஆள்களைப் பெயர் சொல்லி அழைத்தாரென்றால் தொழிலாளர் லயத்தின் கடைசி வீடு வரைக்கும் கேட்கும். மகன் தாதிப் படிப்புக்குப் போனதும், "பொம்பள வேலயப் போயி படிக்கிறான்" என்று பல மாதம் அவனோடு பேசவில்லை.

வார்டுப் பொறுப்பு கிடைத்தபோது பவித்ரன் அந்தக் குரலையே எடுத்துக்கொண்டார். தனக்குக் கீழே வேலை செய்பவர்கள் எல்லாரும் பெண்கள். கொஞ்சம் இளகினாலும் மதிக்க மாட்டார்கள் என்று நினைத்தார். வார்டு ஒழுங்காகத்தான் நடந்தது. ஆனால் அவர் சாப்பாட்டு அறைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும்.

ஒரு மதியம், சீனக் கிழவர் ஒருவரின் கை வீங்கிக் கிடப்பதைப் பார்த்தார். டிரிப் நரம்பில் ஏறாமல் சதைக்குள் இறங்கியிருந்தது. அவரைக் கவனித்துக்கொண்டிருந்தவள் தர்மினி, வேலைக்குப் புதியவள். காலையிலேயே வீக்கத்தைப் பார்த்திருக்கிறாள்.

"ஏன்மா சொல்லல?"

"பயமா இருந்துச்சி சார்."

"டாக்டர நெனச்சா?"

"இல்ல சார். உங்கள."

பவித்ரன் ஊசியைக் கழற்றினார். கிழவரின் கையைத் தலையணைமேல் தூக்கி வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டார். தர்மினியை ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்தக் கையை வீங்க வைத்தது தன் சத்தம்தான் என்று அன்று முழுக்க மனதுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

அதன்பிறகு அடியோடு மாறினார். விடுப்பு கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், "நீ போம்மா, நான் பாத்துக்கிறேன்" என்று அனுப்பிவிட்டு நோயாளிகளைத் தானே துடைத்துவிட்டார். சில வாரங்கள் போனதும் மூத்த தாதி புனிதா அவர் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"அண்ணே, யாரு கேட்டாலும் சரிங்கிறீங்க. கேக்காதவங்க தலையில வேல விழுது லா. நேத்து நான் சாப்பிடவே இல்ல."

"நீயும் கேட்டிருக்கலாமே?"

"எல்லாரும் போயிட்டா வார்டுல யாரு நிக்கிறது?"

அன்று முதல் விடுப்பில் கண்டிப்பு வந்தது. முடியாது என்று சொல்லும்போது, கேட்டவரை உட்கார வைத்துக் காரணத்தையும் சொன்னார். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பொறுத்துக்கொண்டார்.

மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், வெகுநாளாகப் படுத்திருந்த மாரியம்மா என்ற மூதாட்டி இறந்துபோனார். "எங்கம்மாவ நீங்க சரியா பாக்கல!" என்று அவர் மகன் தர்மினியை அடிக்கக் கை ஓங்கினான். பவித்ரன் நடுவில் போய் நின்றார்.

"கைய எறக்குங்க."

அப்பாவின் குரல்தான். வார்டே திரும்பிப் பார்த்தது. ஓங்கிய கை இறங்கியது. அவன் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார் பவித்ரன். "அழுவுங்க தம்பி. யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க." அவன் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு குலுங்கினான். அசையாமல் நின்ற அவருக்கும் கண்ணீர் வழிந்தது. தாதிகள் பார்த்தும் அவர் அதைத் துடைக்கவில்லை.

இப்போது தவறு நேர்ந்தால் தாதிகள் முதலில் அவரிடம்தான் வருகிறார்கள். தர்மினி நேருக்கு நேர் கேள்வி கேட்கிறாள். என்றாலும் பெண்களின் பேச்சுக்குள் அவருக்கு இடமில்லை. வேலை முடிந்து தேத்தண்ணிக் கடைக்குப் போகும் மற்ற மாடி ஆண்கள், "அவரு பொம்பளைங்க கட்சி" என்று அவரை விட்டுவிட்டுப் போகிறார்கள்.

கல்யாணம் கூடி வரவில்லை. அப்பாவும் இல்லை. பத்து காஜா ஊரில் உள்ள வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். சென்ற வாரம் ஓர் இளம் நோயாளி இறந்த நாளில், வீட்டுக்கு வந்தவர் உடுப்பைக்கூட மாற்றவில்லை. சித்தியவானில் இருக்கும் தங்கை தினேஸ்வரிக்குப் போன் போட்டார்.

"என்னண்ணே, ஏதாச்சும் சொல்லணுமா? பிள்ளைங்களுக்குச் சோறு போட்டுக்கிட்டு இருக்கேன்."

"ஒன்னுமில்ல. சும்மாதான் கூப்பிட்டேன். நீ பாரு."

போனை வைத்துவிட்டு, அடுப்பில் தனக்கு மட்டும் கொஞ்சம் அரிசி போட்டார்.