ரேடியோப் பொந்து

போடி மெட்டு மலைரோட்டில் லாரி ஓட்டினவனுக்குப் பயம் இருக்கும். இல்லை என்கிறவன் பொய் சொல்கிறான். எனக்கும் இருந்தது. ஆனால் ரோடே கண்ணுக்குத் தெரியாமல் ஓட்டினது ஒரே நாள்தான். புது ரேடியோவோடு மலை ஏறின நாள்.

அது பழைய லாரி. சின்னது. கப்பலில் வந்தது. மேலே எஸ்டேட் வைத்திருந்த வெள்ளைக்காரத் துரை சொந்த ஊருக்குக் கிளம்பும்போது எங்கள் முதலாளி வாங்கினார். கம்பெனியிலேயே ரேடியோ வைத்து அனுப்பின வண்டி. எங்களிடம் வரும்போது ரேடியோ இல்லை. துரை கழற்றிக்கொண்டு போனாரோ, வேறு யார் எடுத்தார்களோ, தெரியாது. மீட்டருக்குப் பக்கத்தில் அது இருந்த இடம் மட்டும் பொந்தாகக் கிடந்தது.

சும்மா கிடந்த பொந்தில் நான் சாமியை வைத்தேன். கருப்பசாமி படம், விபூதி டப்பா, ஒரு எலுமிச்சம்பழம். மலை ஏறுமுன் அடிவாரத்து ஊரான முந்தலில் வண்டியை நிறுத்துவேன். என் அக்காவைக் கட்டின மச்சான்தான் கிளீனர். அவர் சூடம் கொளுத்துவார். பின்னால் ஏலக்காய் எடுக்கப் போகிற சிலமலை ஊர்ப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். அக்காவும் அவர்களில் ஒருத்தி. எல்லாரும் விபூதி பூசின பிறகுதான் வண்டி நகரும்.

முதலாளி மகளுக்குத் தேவாரம் ஊரில் மாப்பிள்ளை அமைந்தது. அந்தச் சம்பந்தக்காரர் காரில் ரேடியோ பாடியது. எங்கள் முதலாளிக்கு அது பொறுக்கவில்லை.

"நம்ம லாரியில எடம் கெடக்குல்ல அப்பு. பொந்த எதுக்குச் சும்மா போட்டு வைக்கணும்?"

"அதுல சாமி இருக்கு முதலாளி."

"சாமி என்ன, வாடகைக்கா இருக்கு? கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லு."

மதுரையிலிருந்து ரேடியோ வந்தது. பழையதுதான், ஆனால் அதே கம்பெனி, அதே அளவு. மாட்டுகிறவரும் கூடவே வந்தார். பொந்துக்குப் பின்னால், என்ஜின் பக்கத்துத் தகரத்தில், கை நுழைகிற அளவு ஓட்டை இருந்தது. பழைய ரேடியோவைப் பிடுங்கினவர்கள் பிய்த்தது.

"என்ஜின் சூடு உள்ள வருதுண்ணே. ரேடியோ வால்வு தாங்காது" என்று சொல்லி, தகரம் வெட்டி, தார் பூசி அதை அடைத்தார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். என் நினைப்பு அதில் இல்லை. படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இதை எங்கே வைப்பது?

மச்சானுக்கும் அதே கவலை. "குடியிருக்கிறவரக் கெளப்பப்படாது மாப்ளே. கோவிச்சுக்கிருவாரு."

கோயிலில் பூக்கட்டிப் போட்டுப் பார்த்தோம். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தது. சாமி உத்தரவு கொடுத்தாயிற்று. படத்தை முன்கண்ணாடிக்கு மேலே மாட்டினேன். அதோடு எங்கள் யோசனை முடிந்தது.

முதல் நாள் போடியிலிருந்து முந்தல் வரை பாட்டுத்தான். வயலில் குனிந்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். முதலாளி என் பக்கத்தில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டார். "இன்னுஞ் சத்தமா வைங்க" என்று பின்னாலிருந்து பெண்கள் கத்தினார்கள்.

மலை ஏறினதும் பாட்டு போய் வெறும் இரைச்சலாகிவிட்டது. முதலாளி நிறுத்த விடவில்லை. "மேல போனா எடுக்கும்டா."

பாதி மலையில் மஞ்சு இறங்கி ரோட்டைப் புகை மாதிரி மூடியது. அது வழக்கம்தான். எத்தனை மஞ்சு வந்தாலும் பள்ளத்துப் பக்கம் நட்டிருக்கிற ஓரக்கல் எனக்குத் தெரியும். அன்று கல் தெரியவில்லை. வண்டியின் மூக்கே தெரியவில்லை. கண்ணாடி சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துப் போனது. சாமி கண்ணைக் கட்டிவிட்டார் என்றுதான் நினைத்தேன். பின்னால் அத்தனை பேர். அக்கா. நிறுத்தவும் பயம். பின்னால் வருகிறவன் இடித்துவிட்டால்?

அடுத்த வளைவில் பஸ்சு இறங்கி வந்தது. ஹாரன் அடித்துத்தான் இருப்பான். இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. மஞ்சுக்குள் திடீரென்று இரண்டு விளக்கு. பள்ளத்துப் பக்கம் ஒடித்து பிரேக்கை மிதித்தேன். பஸ்சு உரசாமல் போய்விட்டது. எங்கள் வண்டி விளிம்பில் போய் நின்றது. முன்சக்கரம் இடித்து ஓரக்கல் ஒன்று பெயர்ந்து விழுந்தது. அது கீழே போய்ச் சேர்ந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. ரேடியோ இரைந்துகொண்டே இருந்தது.

மச்சான் குதித்து ஓடிவந்து சக்கரத்துக்குக் கட்டை போட்டார். "யாரும் குதிக்காதீக! ஒவ்வொருத்தரா எறங்குங்க, மலைப்பக்கமா!"

அக்கா என் கதவோரம் வந்தாள். "ஏண்டா, கண்ணு தெரியலையா?"

"தெரியலக்கா."

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சாமியத் தூக்கிட்டு பாட்டுப்பொட்டிய வச்சா வெளங்குமா? நான் நடந்தே போறேன் ஆத்தா" என்றாள் ஒரு கிழவி. எல்லாரும் அவள் பின்னால் நடந்தார்கள். அக்காவும் போனாள். மஞ்சு அவர்களை மூடிவிட்டது.

முதலாளி கையை நீட்டி ரேடியோவை நிறுத்தினார். "பூப்போட்டுத்தானடா பாத்தீக?" என்றார். குரல் சின்னதாகிவிட்டது.

துண்டை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தேன். துண்டு நனைந்தது. ஈரம் உள்பக்கம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்ணாடி மறுபடி வெளுத்தது. அப்போதுதான் முழங்கால் குளிர்வது தெரிந்தது. மற்ற நாளில் அந்த இடம் காந்தும். பொந்து வழியாக வந்த என்ஜின் சூடுதான் இத்தனை காலம் கண்ணாடியைத் தெளிய வைத்திருக்கிறது.

"ஓட்டைய அடைச்சதுதான் முதலாளி. சூடு வரல. கண்ணாடி வேர்க்குது."

"சூடா? அது சாமி விடுற மூச்சு மாப்ளே" என்றார் மச்சான் வெளியிலிருந்து.

"திருப்புளியக் கொண்டாங்க மச்சான், வெரசா" என்றேன்.

ரேடியோவைக் கழற்றினேன். தகரத்தைத் தட்டி எடுத்தேன். என்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தோம். கண்ணாடி அடியிலிருந்து மெல்ல மெல்லத் தெளிந்தது. முதலாளி படத்தை எடுத்துத் தன் கையாலேயே பொந்தில் வைத்தார்.

வண்டியை மெதுவாகப் பின்னால் எடுத்து ரோட்டுக்குக் கொண்டுவந்தேன். பெண்களை மேலே எட்டிப் பிடித்தோம். யாரும் ஏறவில்லை. அக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பொந்தைப் பார்த்தாள். விபூதி எடுத்துப் பூசினாள். பிறகு அவள்தான் முதலில் ஏறினாள்.

அதற்குப் பிறகு ரேடியோ போடிக்கும் முந்தலுக்கும் நடுவில்தான் பாடியது. முந்தலில் கழற்றிச் சாக்கில் சுற்றி சீட்டுக்கு அடியில் வைப்பேன். சாமி பொந்துக்கு வருவார். சம்பந்தக்காரர் எஸ்டேட் பார்க்க வந்தபோதும் அப்படித்தான். "மேல எடுக்காதுங்க" என்று முதலாளியே சொல்லிவிட்டார்.

மஞ்சு இறங்கினால் என் இடது கை பொந்துக்குப் போகும். சூடு வருகிறதா என்று பார்க்கும். விபூதி டப்பாவையும் தொடும். பிறகு வேறு லாரி மாறினேன். அதில் ரேடியோவும் இல்லை, பொந்தும் இல்லை. மஞ்சு வந்தால் கை போகும். தகரத்தில் முட்டி நிற்கும்.