வெள்ளையடிச்ச டயல்

இன்னைக்கு மழைக்கு ஒதுங்க ஒரு மால்ல இருக்கிற ஸ்விஸ் வாட்ச் கடைக்குள்ள போயிட்டேன்.

கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒரு வாட்ச். டயலும் நம்பரும் பழுப்பேறி இருந்துச்சு.

"பழைய ஸ்டாக்கா சார்?"னு கேட்டேன்.

சேல்ஸ்மேன் சிரிச்சார். "புதுசு சார். ஃபேக்டரியிலயே பழசு மாதிரி கலர் கொடுக்கறாங்க. வெள்ளை டயலை விட இதுக்குத்தான் ரேட் ஜாஸ்தி."

எங்கப்பா தங்கவயல்ல ஷிஃப்டுக்குக் கட்டிட்டுப் போன வாட்ச்சும் இதே பழுப்புதான். முப்பது வருஷம் சுரங்கத்துப் புழுக்கத்துல ஏறின பழுப்பு.

போன பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிச்ச கையோட, அந்த வாட்ச்சையும் ஒக்கலிபுரத்துல ஒரு ரிப்பேர் கடையில கொடுத்தேன். டயலைச் சுரண்டி, புதுசா வெள்ளைப் பெயிண்ட் அடிச்சுக் கொடுத்தாங்க. நான்தான் கேட்டு அடிக்கச் சொன்னேன்.

அப்பா அதைக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாருதுப்பா இது?"ன்னு கேட்டார்.

அவ்வளவு பளிச்சுன்னு இருக்குன்னு எனக்கு அன்னைக்கு ஒரே பெருமை.

அவர் என்ன கேட்டார்னு இன்னைக்கு அந்தக் கடையில நிக்கும்போதுதான் புரிஞ்சுது.

உங்க வீட்ல எதுக்கெல்லாம் வெள்ளையடிச்சீங்க? சொல்லுங்க, கொஞ்சம் ஆறுதலா இருக்கும்.