தாய்ப்பாலை நிறுத்தியதாலா?

சிங்கப்பூர் எல்லைக்கு அருகே, மலேசியாவின் தம்போயில் வசிக்கிறோம். என் ஆறு வயது மகள் யாழினி திடீரென்று, "சோத்துல அழுக்கு இருக்கும்மா" என்று தட்டைத் தள்ளினாள். ஓயாமல் கை கழுவினாள். சிங்கப்பூர் வேலைக்காகத் தாய்ப்பாலைச் சீக்கிரம் நிறுத்தியதுதான் காரணம் என்று அழுதேன். சாப்பாடும் காரணமாகலாம் என்று வாட்ஸ்அப்பில் படித்துவிட்டு, பாலையும் ரொட்டியையும் தடுத்தேன். பிள்ளை மெலிந்ததுதான் மிச்சம்.

பகலில் அவளைப் பார்த்துக்கொள்ளும் என் நாத்தனார்தான் திடுக்கிட்டு, "அலமாக்! போன மாசம் தொண்டை வலின்னு அழுதாளே, அண்ணி. டாக்டர்கிட்ட சொன்னீங்களா?" என்றாள். உடனே யாழினியை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்ச் சொன்னேன்.

பரிசோதித்த மருத்துவர், "தொண்டைக் கிருமிய எதிர்க்கிற உடம்போட சக்தியே மூளையத் தாக்கியிருக்கலாம். அதனாலதான் திடீர்னு இந்த அழுக்குப் பயம் வந்திருக்கும். தாய்ப்பாலுக்கும் சாப்பாட்டுக்கும் இதுல பங்கு இருக்கான்னு இன்னும் ஆராய்ச்சி நடக்குது. நீங்களா எதையும் நிறுத்தாதீங்க" என்றார்.

சிகிச்சையில் தேறிவிட்டாள். நாத்தனாருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. இப்போதெல்லாம் தொண்டை வலி என்றாலே கிளினிக்தான்.

நேற்று கைகூடக் கழுவாமல் என் ரொட்டி சானாயைப் பிய்த்துத் தின்றாள். நான் திட்டவில்லை.