சம்பந்தியுடன் ஒரு நிலவுப் பயணம், சுங்கை சிப்புட் வழியாக

சென்ற வியாழக்கிழமை நான் ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட்டுக்குப் போனது கோயிலுக்கும் இல்லை, கல்யாணத்துக்கும் இல்லை. ஒரு வீடியோ கேமில் பூட்டிக் கிடந்த வாயில் ஒன்றைத் திறப்பதற்காகப் போனேன். எனக்கு வயது எழுபத்தொன்று. சிரிக்க நினைப்பவர்கள் இப்போதே சிரித்துவிட்டு வரலாம். நான் காத்திருக்கிறேன்.

விளையாட்டின் பெயரைச் சொல்லப் போவதில்லை. விளம்பரம் செய்வது என் வேலையில்லை. ஆளில்லாத ஒரு நிலவு. கேக்கை வெட்டிப் பக்கவாட்டில் பார்ப்பது போல, அதன் உள்ளடுக்குகள் திரையில் தெரியும். நம் விண்வெளி வீரர் இடமும் வலமுமாக நடப்பார், குதிப்பார், சுரங்கங்களில் இறங்குவார். அவர் போகப் போக வரைபடம் தானாக நிரம்பும். சுட வேண்டிய ஜந்துக்களும் உண்டு. ஆனால் முக்கிய வேலை இடம் பார்ப்பதுதான். அதனால் பயணம் பற்றிய இந்த வலைப்பூவில் அதற்கு இடம் உண்டு என்பது என் முடிவு.

முதல் பாகத்தை என் கணவரும் நானும் சேர்ந்து முடித்தோம். கண்ட்ரோலர் அவர் கையில் இருக்கும். வழி சொல்வது நான். ஓர் அறையைக்கூடப் பார்க்காமல் விட நான் சம்மதித்ததில்லை. கான்வென்ட்டில் எங்கள் கன்னியாஸ்திரிகள் அரைகுறைத் தையலை வீட்டுக்கு எடுத்துப் போக விட்டதில்லை. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. அவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. இரண்டாம் பாகம் இந்த வருடம்தான் வந்தது. நானே வாங்கி, கண்ட்ரோலரைப் பிடிக்கவும் நானே பழகிக்கொண்டு, தனியாக நிலவின் பாதி ஆழம் வரை இறங்கினேன்.

அங்கேதான் அந்த வாயில். இந்தப் பாகத்தில் வீரர்கள் இருவர்; ஒரு காற்றுக் குழாய் இருவரையும் இணைத்திருக்கும். தனியாக விளையாடுகிறவருக்குத் துணையாக ஓர் இயந்திரம் பின்னால் வரும். ஆனால் இந்த ஒரு வாயிலில் இயந்திரம் நின்றுவிடும். அதைத் திறக்க இரண்டு மனிதர்கள் வேண்டும்.

இணையத்தில் முன்பின் தெரியாத ஒருவருடன் முயன்றேன். நான் வரைபடத்தைப் பார்த்து முடிப்பதற்குள் அவர் குதித்துவிட்டார். பிறகு ஆங்கிலத்தில் ஒரு வசையை எழுதிவிட்டுப் போனார். அதில் எழுத்துப்பிழை வேறு.

ஜொகூர் பாருவில் இருக்கும் என் மகள் சர்மினியிடம் இதைச் சொன்னபோது, "அத்தைய கேளுங்களேன் அம்மா. அவங்களும் அதே வாசல்லதான் மாட்டிக்கிட்டு நிக்கிறாங்க" என்றாள்.

அத்தை என்பது அவளுடைய மாமியார், என் சம்பந்தி பாக்கியம். மகன் குமரன் கல்யாணமாகிப் போனபோது வீட்டில் விட்டுச் சென்ற கேம் பெட்டியில் அவர் விளையாடப் பழகியிருக்கிறார். இது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இருக்கவில்லை. எட்டு வருடமாக நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் மிகுந்த மரியாதையுடன் தவிர்த்து வந்தோம். நான் பெண்ணைக் கொடுத்தவள். மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரு படி கீழே நிற்பது என் கடமை. அவரோ தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பிறந்து, கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் யாழ்ப்பாணத்து வழிக் குடும்பம், கான்வென்ட் படிப்பு என்பதால் எனக்கு ஒரு படி கீழே நிற்பது தன் கடமை என்று நினைப்பவர். இருவரும் கீழ்ப்படியிலேயே நின்றால் பேச்சு எங்கிருந்து வரும்?

போகிறேன் என்றதும் சர்மினிக்குக் கவலை வந்துவிட்டது. "அங்க போய் அவங்கள டீச்சர் மாதிரி திருத்தாதீங்க. மனஸ்தாபம் வந்தா நானும் குமரனும்தான் நடுவுல மாட்டிக்குவோம்." அந்தக் கவலை எனக்கும் இருந்தது. இன்னொன்றையும் நான் தீர்மானித்திருந்தேன். இந்த வாயில் இம்முறை திறக்காவிட்டால் கேம் பெட்டியை யாருக்காவது கொடுத்துவிடுவது. பாதியில் நின்ற ஒன்றை வரவேற்பறையில் வைத்துக்கொண்டு தினமும் பார்க்க என்னால் முடியாது.

இனிப் பயண விவரம். காலை ஒன்பது மணிக்கு ஈப்போ கார்டனிலிருந்து கைப்பேசியில் வாடகைக் கார் எடுத்தேன். கட்டணம் முப்பத்தெட்டு ரிங்கிட், தூரம் முப்பத்து நான்கு கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். பேருந்து மலிவு, ஆனால் பட்டணத்தில் இறக்கிவிடும், அங்கிருந்து உள்ளே போக வேறு வண்டி தேட வேண்டும். செம்மோர் வரை சுண்ணாம்புக் குன்றுகள் கூடவே வரும். வலப்பக்க இருக்கை நல்லது.

ஓட்டுநர் முப்பது வயதுத் தமிழர். கண்ணாடியில் என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, அட்ரஸ் கரெக்ட்டா? அது பழைய எஸ்டேட் பக்கம். செம்பனையத் தவிர ஒன்னுமே இல்ல லா" என்றார்.

"முகவரி சரிதான், தம்பி."

"கோயில் விசேஷமா?"

"இல்லை. கேம் விளையாடப் போறன்."

"பல்லாங்குழியா?"

"விண்வெளி."

அவர் முன்னால் போன லாரியை முந்தினார். பிறகு, "எங்கம்மாவுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க ஆன்ட்டி. சீரியல விட்டு எந்திரிக்கவே மாட்டேங்குது" என்றார்.

பட்டணத்தைத் தாண்டி இன்னும் ஆறு கிலோமீட்டர். ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த இடம். இப்போது எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே நான்கு வரிசை மலிவு விலை வீடுகள், வண்ணம் புதிதாக அடித்த ஒரு மாரியம்மன் கோயில், ஏழெட்டு மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் ஓர் உணவுக்கடை. பாக்கியம் வாசலிலேயே நின்றார்.

"வாங்க சம்பந்தி, வாங்க. வெயில்ல வந்துட்டீங்களே. மொதல்ல உக்காருங்க."

வரவேற்பறையில் நல்ல நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அதில் யார் உட்காருவது என்று பேசி முடித்தபோது இருவரும் தரையில் பாயில் உட்கார்ந்திருந்தோம். நாற்காலி எங்களுக்குப் பின்னால் காலியாக இருந்தது. என் முழங்கால்கள் இதைப் பாராட்டவில்லை.

அவர் பெட்டியில் என் கணக்கைத் திறந்து தொடங்கினோம். பாக்கியம் கெட்டிக்காரி, நான் அரை மணி நேரம் யோசித்துக் கடந்த பள்ளங்களை அவர் ஒரே ஓட்டத்தில் கடந்தார். சுடும்போது ஜந்துக்களோடு பேசவும் செய்தார். "நீ எங்கடா வார? பெரட்டுக்கு லேட்டா?" பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. தாமதமாக வந்த அந்தப் பச்சை ஜந்துவுக்கு அன்று சம்பளம் இல்லை.

சிக்கல் காற்றில் தொடங்கியது. வாயிலுக்குப் போகும் வழியில் ஒவ்வொரு நிலையத்திலும் ஒரே ஒரு காற்றுக் குடுவைதான் இருக்கும்.

"நீங்க எடுத்துக்குங்க சம்பந்தி."

"இல்லை, நீங்கள் எடுங்கோ. எனக்கு இன்னும் இருக்கு."

"ஐயோ, எனக்கு எதுக்கு? நீங்க பெரியவங்க."

"மாப்பிள்ளை வீட்டார் இருக்கும்போது நான் எடுக்கிறதா?"

குடுவை நடுவில் மின்னிக்கொண்டிருக்க, இருவரும் மூச்சுத் திணறிச் செத்துப்போனோம். ஒருமுறை இல்லை, பலமுறை. யார் எடுத்தாலும் குழாய் வழியாக இருவருக்கும் காற்று போகும் என்று திரையிலேயே எழுதியிருந்தது. நான்தான் அதை வாசித்து அவருக்குச் சொன்னேன். சொன்ன பிறகும் நான் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. கதவு வந்தால் இன்னொருவர் முதலில் போகட்டும் என்று காத்து நின்றோம். கதவு மூடிக்கொண்டது.

மதியம் சோறு, கோழிப் பிரட்டல், நெத்திலிச் சம்பல். இரண்டாம் முறை பரிமாறியபோது வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வைக்காமல் விட அவருக்கும் மனம் வரவில்லை. கை கழுவும்போது அவர் மெதுவாக, "நமக்கு சரிவராதுபோல, இல்லீங்களா?" என்று கேட்டார். எனக்கும் அப்படித்தான் பட்டது. கார் ஐந்து மணிக்கு. வீட்டில் அந்தப் பெட்டியை யாருக்குக் கொடுக்கலாம் என்றுகூட யோசிக்கத் தொடங்கிவிட்டேன். "ஒரு தடவை மட்டும் பார்ப்பம்" என்றேன்.

அந்த முறை, அதிர்ஷ்டவசமாக, பேசுவதற்கு நேரமில்லாமல் ஒரு கூட்டம் துரத்தியது. ஓடும் ஓட்டத்தில் யார் குடுவையை எடுத்தது என்று இருவருக்கும் தெரியாது. வாயிலை அடைந்தோம். அதன் அமைப்பு இது: ஒருவர் கீழே நின்று, மேலிருந்து இறங்கும் கதவுக் கல்லைத் தோளில் தாங்க வேண்டும், மற்றவர் இருட்டுக்குள் குதித்து, அந்தப் பக்கம் காலூன்றி, குழாயைப் பிடித்து முதலாமவரை உள்ளே இழுக்க வேண்டும். பாக்கியத்தின் வீரர் கல்லைத் தாங்கினார். குதிக்க வேண்டியது நான்.

அந்தப் பக்கம் தரை இருக்கிறதா என்று தெரியவில்லை. நான் வரைபடத்தைத் திறந்தேன். அங்கே எதுவும் வரையப்படவில்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். கல் ஒவ்வொரு அங்குலமாக இறங்கிக்கொண்டிருந்தது.

"அடியே, குதிடி! மேப்ப அப்பறம் பாக்கலாம், குதிச்சுத் தொலைடி!"

குதித்தேன். கால் தரையில் பட்டது. இழுத்தேன். பாக்கியத்தின் வீரர் உள்ளே வந்து விழ, கல் பின்னால் இடியென இறங்கியது. வாயிலைக் கடந்துவிட்டோம்.

திரும்பினால், பாக்கியம் கண்ட்ரோலரைப் பாயில் வைத்துவிட்டு வாயை இரு கைகளாலும் பொத்திக்கொண்டிருந்தார். "சம்பந்தி, மன்னிச்சுக்குங்க. வாய் தவறிருச்சு. சத்தியமா நான்…"

என்னை அப்படிக் கூப்பிட்டவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆனால் அதைப் பற்றி யோசிக்க அப்போது நேரமில்லை. திரையின் இடது ஓரத்தில் ஏதோ அசைந்தது.

"மன்னிப்பைப் பிறகு கேள்" என்றேன். "இடது பக்கம் வருகுது பார். கண்ட்ரோலரை எடுத்துச் சுடடி!"

சுட்டாள். பிறகு நாங்கள் சிரித்த சிரிப்பில் அடுத்த ஜந்து எங்கள் இருவரையும் தின்றுவிட்டது. பரவாயில்லை, வாயில் திறந்தது திறந்ததுதான்.

என் கணவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் இருந்திருந்தால் குதிக்குமுன் என்னைக் கேட்டிருப்பார். "பொறுங்கோ, பார்த்துச் சொல்றன்" என்றிருப்பேன். நாங்கள் இருவரும் இன்னும் அந்த வாசலில்தான் மிக ஒற்றுமையாக நின்றுகொண்டிருப்போம்.

ஐந்து மணிக்குள் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். திரை எரியும்போது டி, அணைந்ததும் சம்பந்தி. கார் வந்தபோது திரை அணைந்திருந்தது. ஆகவே கேட் வரை வந்து, "பாத்துப் போங்க சம்பந்தி, மகளக் கேட்டதாச் சொல்லுங்க" என்று முறையாக வழியனுப்பினார். நானும் முறையாகக் கும்பிட்டேன்.

இந்தப் பயணத்தைத் திட்டமிடுகிறவர்களுக்குச் சில வார்த்தை. திரும்பும் காரைப் போகும்போதே பேசி வைத்துவிடுங்கள்; மாலையில் அந்தப் பக்கம் வண்டி கிடைப்பது கடினம். தூரப் பார்வைக் கண்ணாடியை மறக்காதீர்கள். தரையில் உட்கார முடியாதவர்கள் அதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள், மரியாதை பிறகு. காற்றுக் குடுவையைக் கண்டவர் எடுக்க வேண்டும், விவாதம் கூடாது. வாயிலுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். வரைபடம் அங்கே மிகப் பெரியது, முழுவதும் காலி என்பது மட்டும்தான் நான் சொல்லக்கூடியது.

ஒருமுறை திறந்த வாயில் இருவர் கணக்கிலும் திறந்தே இருக்கும். இனி அந்த இயந்திரத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு நான் தனியாகவே உள்ளே போகலாம். வரும் வியாழன் பாக்கியம் முதல்முறையாக ஈப்போவில் என் வீட்டுக்கு வருகிறார். அதுவரை உள்ளே ஓர் அடிகூட வைக்கக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். நேற்று சாயங்காலம் கண்ட்ரோலரைக் கையில் எடுத்தேன். வாயில் வரை போய், இருட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அணைத்துவிட்டு, வியாழக்கிழமைக்குக் கோழி வாங்கப் போனேன்.