யானைக்குப் போட்ட பாட்டு

உனக்குப் பிடித்த பாட்டு எது என்று யாராவது கேட்டால், இப்போதெல்லாம் மரியாதையான ஒரு பாட்டைச் சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன். உண்மையைச் சொன்னால் என்னைப் பற்றி இருக்கும் கொஞ்சநஞ்ச நல்ல அபிப்பிராயமும் போய்விடும். அது ஒரு குத்துப்பாட்டு. அதிலும் நாலு பேர் நடுவில் பெயர் சொல்லக்கூடிய குத்துப்பாட்டு இல்லை. ஆரம்பத்திலேயே மேளம் காதைக் கிழிக்கும். நடுவில் ஒரு கீபோர்டு நாதஸ்வரம் மாதிரி வாசித்துப் பார்த்துத் தோற்றுப்போகும். கடைசியில் ஒரு கும்பலே சேர்ந்து 'ஏ... ஏ... ஏ...' என்று கத்தும். பாடியவரே அதை மறந்திருப்பார். பத்து வயதில் எனக்கு அந்தப் பாட்டு என்றால் உயிர்.

கூடலூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தேயிலை எஸ்டேட்டில் எங்கள் வீடு. மேல் லயம் என்பார்கள். வரிசையாக நாலே நாலு வீடுகள், முன்னால் ஒரு தண்ணீர்க் குழாய், அதோடு சரி. நாலில் இரண்டு பூட்டிக் கிடந்தன. ஒன்றில் நானும் அம்மாவும். பக்கத்தில் பெரியம்மா. அப்பா முந்தின வருஷமே திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போயிருந்தார். போகும்போது அம்மாவுக்கு ஒரு சைனா செட் போன் வாங்கிக் கொடுத்து, கூடலூர் பஜாரில் மெமரி கார்டில் நாற்பது பாட்டும் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் காலத்து சைனா செட்டுக்கு முதுகெல்லாம் ஸ்பீக்கர். அலறவிட்டால் அடுத்த மலையில் இருக்கிறவர்கள் நம் வீட்டில் கல்யாணம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அம்மாவுக்குக் கொழுந்து எடுக்கும் வேலை. சாயந்தரம் கொழுந்தை எடை போடும் மடுவத்துக்கு வந்து போட்டுவிட்டு, மற்ற பெண்கள் எல்லாம் தார் ரோட்டு வழியாகக் கீழ் லயங்களுக்குப் போய்விடுவார்கள். மேல் லயத்துக்கு வருகிறவர்கள் அம்மாவும் பெரியம்மாவும் மட்டும்தான். தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை, பிறகு ஓடை, ஓடையை ஒட்டி ஒரு துண்டுச் சோலைக்காடு. கால் மணி நேர நடை. பலாப்பழக் காலத்தில் அந்தச் சோலையில் யானை நிற்கும். எங்களுக்கு அது ஒன்றும் அதிசயமில்லை.

"நம்ம வர்றது தெரிஞ்சா அதுவே ஒதுங்கிப் போயிரும். தெரியாம முன்னால போயி நின்னாத்தான் வம்பு" என்பாள் அம்மா. அதனால் மடுவத்தை விட்டுக் கிளம்பும்போதே போனை முழுச் சத்தத்தில் வைத்து இடுப்பில் செருகிக்கொள்வாள். நாற்பது பாட்டில் இருப்பதிலேயே சத்தமானது அந்தக் குத்துப்பாட்டு. அதையே திரும்பத் திரும்பப் போடுவாள். மூன்று தடவை பாடி முடிப்பதற்குள் வீடு வந்துவிடும். எனக்கு அதுதான் கடிகாரம். முதல் தடவை கேட்டதும் விளையாட்டை நிறுத்துவேன். இரண்டாம் தடவை முகம் கழுவுவேன். மூன்றாம் தடவை புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு, காலையிலிருந்து அங்கேயே உட்கார்ந்து படிக்கிற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

ஐந்தாம் வகுப்பில் எங்களுக்கு வந்த டீச்சர் கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். எல்லோரையும் கண்ணு கண்ணு என்றுதான் கூப்பிடுவார். அதற்காகவே நாங்கள் அவரைச் சுற்றிச் சுற்றி வந்தோம். ஆடி மாதத்தில் ஒரு நாள், வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் ஆளுக்கொரு பாட்டுக் கொண்டுவர வேண்டும் என்று சொன்னார். கார்டு போட்டால் பாடுகிற சின்ன ஸ்பீக்கர் ஒன்று அவரிடம் இருந்தது. கார்டு இல்லாதவர்கள் பாடிக் காட்டலாம். "புடிக்கும்னு மட்டும் சொன்னாப் பத்தாது கண்ணு, ஏன் புடிக்கும்னு சொல்லோணும்" என்று ஒரு நிபந்தனை வேறு.

வெள்ளிக்கிழமை காலையில் அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தபோது போனின் பின்மூடியைக் கழற்றி, விரல் நகம் அளவு இருந்த அந்தக் கார்டை எடுத்து ஜியாமெட்ரி பாக்ஸில் போட்டுக்கொண்டேன். கேட்டால் தர மாட்டாள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். அகப்பட்டால் முதுகில் இரண்டு விழும் என்ற பயம் மட்டும் இருந்தது. வேறு எந்தப் பயமும் எனக்கு வரவில்லை என்பதை இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

கடைசிப் பீரியடில் ஒரு பையன் படுகப் பாட்டு ஒன்றைப் போட்டான். அண்ணன் கல்யாணத்தில் ஊரே வட்டமாக நின்று ஆடியதாம், அதனால் பிடிக்குமாம். பஜார் கடைக்காரர் மகள் ஒரு மலையாளப் பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். அவளுடைய உம்மா பாத்திரம் தேய்க்கும்போது பாடுவதாம். இன்னொருவன் "சும்மா புடிக்கும் டீச்சர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டான். என் முறை வந்தது. மேளம் தொடங்கியதுமே பின் பெஞ்சு முழுக்க எழுந்து ஆட ஆரம்பித்துவிட்டது. டீச்சர் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"சரி கண்ணு, இது ஏன் புடிக்கும்?"

"இந்தப் பாட்டப் போட்டா யானை ஒதுங்கிப் போயிரும் டீச்சர். எங்கம்மா வேலை விட்டு வர்றப்ப இதத்தான் போட்டுக்கிட்டே வரும். எனக்கு வீட்டுலருந்து கேக்கும். இது கேட்டா அம்மா வந்துருச்சுன்னு அர்த்தம். அதனால புடிக்கும்."

வகுப்பே கை தட்டியது. டீச்சர் தட்டவில்லை. ஸ்பீக்கரிலிருந்து கார்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"இந்தக் கார்டு யாருதுடா கண்ணு?"

"அம்மாவுது டீச்சர்."

"அப்ப இன்னிக்கி சாயந்தரம் அம்மா எதைப் போட்டுட்டு வருவாங்க?"

அப்போதுதான் இன்னொன்றும் ஞாபகம் வந்தது. பெரியம்மா இரண்டு நாளாகக் காய்ச்சலில் லீவு. அம்மா தனியாகத்தான் வர வேண்டும். நான் பேச வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.

டீச்சர் தன் போனில் அம்மாவின் எண்ணைப் போட்டுப் பார்த்தார். எஸ்டேட்டுக்குள் டவர் கிடைத்தால்தானே. மணி அடித்ததும், கூடலூர் பஸ்ஸுக்குப் போக வேண்டியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் பள்ளி ஜீப்பில் ஏறினார். வழியில் மழை. ஜீப்பை விட்டு இறங்கி மேட்டில் நடந்து லயத்துக்கு வந்து சேர்ந்தபோது மஞ்சு, அதாவது மலைப் பனிமூட்டம், இறங்கி, குழாய்க்கு அந்தப் பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. பெரியம்மா கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் மாறிவிட்டது.

"நான் போயி அம்மாவக் கூட்டிக்கிட்டு வாறேன்" என்று பாதைப் பக்கம் ஓடினேன். பெரியம்மா என் பின்னலைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

"எங்க போற? இந்த மஞ்சுல நீயும் போனா அப்பறம் ரெண்டு பேரைத் தேடணும். சத்தம் போடாம நில்லு புள்ள. காதக் குடுத்துக் கேளு."

மூவரும் குழாயடியில் நின்றோம். மழை தகரக் கூரையில் அடிப்பது மட்டும்தான் கேட்டது. நான் எஸ்டேட் மாரியம்மனிடம் பேரம் பேசத் தொடங்கினேன். இனிமேல் கார்டைத் தொட மாட்டேன், பொய்யாகப் புத்தகத்தை விரிக்க மாட்டேன், தினமும் இரண்டு வேளை பல் தேய்ப்பேன். என்னிடம் இருந்த கெட்ட பழக்கங்கள் எல்லாம் தீர்ந்துபோயும் பாதையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. டீச்சர் என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தார்.

பிறகு கேட்டது.

முதலில் வேறு யாரோ போனில் பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிறார்கள் என்று நினைத்தேன். இல்லை, அம்மா பாடிக்கொண்டு வருகிறாள்! தாலாட்டுக்குக்கூட வாய் திறக்காதவள் என்று பெரியம்மா கேலி செய்வாளே, அந்த அம்மா. தொண்டை கிழிய, ராகமும் இல்லாமல் தாளமும் இல்லாமல், அதே குத்துப்பாட்டு. வரிகள் தீர்ந்த இடத்தில் அவள் நிறுத்தவில்லை. 'டண்டணக்கு டண்டணக்கு' என்று மேளத்தை வாயாலேயே அடித்தாள். கீபோர்டு வரும் இடத்தில் 'பீப்பீ பிப்பீ' என்றாள். கும்பல் கத்துகிற இடத்தில் தனி ஆளாக 'ஏ... ஏ... ஏ...' என்றாள். மூச்சு வாங்குகிற இடைவெளியில் இரண்டு கையையும் தட்டினாள். எனக்கு அழுகை போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அவரும் சிரிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

மஞ்சிலிருந்து அம்மா வெளியே வந்தாள். தலையில் மழைக்குப் போர்த்திக்கொள்ளும் கொங்காணி, இடுப்பில் கொழுந்து எடுக்கும்போது சுற்றிக் கட்டுகிற படங்கு, சேற்றில் ஒரு செருப்பைக் காணோம். டீச்சரைப் பார்த்ததும் பாட்டைப் பாதி வரியில் நிறுத்திவிட்டு அவசர அவசரமாகப் படங்கை அவிழ்த்தாள்.

"வாங்க டீச்சரு... மழையில நிக்கிறீங்களே. இவ ஏதும் வம்பு பண்ணிட்டாளா?"

"அதெல்லாம் இல்லீங்க. பாப்பாவுக்குப் புடிச்ச பாட்டைக் கேக்கலாம்னு வந்தேனுங்க" என்றார் டீச்சர்.

"அய்யோ, அதக் கேட்டுட்டீங்களா?" அம்மாவுக்கு வெட்கம் தாங்கவில்லை.

நான் ஓடிப்போய் அவள் வயிற்றைக் கட்டிக்கொண்டேன். கார்டை நீட்டினேன். முதுகில் விழும் என்று காத்திருந்தேன், விழவில்லை. "கேட்டிருந்தா குடுத்திருப்பேன்ல" என்று மட்டும் சொன்னாள். டீச்சருக்கு டீ போடும்போது சர்க்கரையைத் தரையெல்லாம் சிந்தினாள். நனைந்து வந்ததால் குளிர்கிறது போல என்று நான் அடுப்பை ஊதிவிட்டேன். கடைசி பஸ் போய்விட்டதால் டீச்சர் எங்கள் வீட்டிலேயே தங்கினார். என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய கௌரவம் அதுவரை வந்ததில்லை.

படுக்கும் முன் அம்மா பெரியம்மாவிடம் மெல்லிய குரலில், "ஓடைக்கு இந்தப் பக்கம் ரெண்டு நின்னுச்சுக்கா. குட்டியோட" என்று சொல்வது என் காதில் விழுந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. குட்டியோடு நின்ற யானையையே எங்கள் அம்மா பாட்டுப் பாடி விரட்டிவிட்டாள்! பள்ளியில் ஒரு வாரம் நான்தான் கதாநாயகி. அம்மா மட்டும் மறுநாளே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்பாக்கிட்ட இதச் சொல்லிறாத, என்ன?" என்றாள். கார்டைத் திருடியதற்கு அப்பா திட்டுவார், அதிலிருந்து என்னைக் காப்பாற்றுகிறாள் என்று எனக்கு அவள்மேல் பாசம் பொங்கியது.

இரண்டு மாதத்துக்கும் மேல் அந்த ரகசியத்தைக் காத்தேன். தீபாவளிக்கு அப்பா வந்தார். புதுப் பாவாடை, அதிரசம், வெடி எல்லாம் சேர்ந்து எனக்குக் கிறுக்குப் பிடித்திருந்த நேரம். அம்மாவின் படங்கை இடுப்பில் கட்டிக்கொண்டு, அம்மா பாடியதை அப்படியே பாடிக் காட்டினேன். டண்டணக்கு, பீப்பீ, ஏ ஏ ஏ, நடுவில் கைதட்டல், ஒன்றையும் விடவில்லை. அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"இது எப்படா பாடுனா உங்கம்மா?"

"மடுவத்துலருந்து வர்றப்ப."

"போனுதான் இருக்கே, எதுக்கு வாயாலயே மேளம் அடிக்கணும்?"

அப்பா இவ்வளவு சந்தோஷமாக இருக்கும்போது திட்ட மாட்டார் என்ற தைரியத்தில் கார்டு, மஞ்சு, ஓடை, குட்டியோடு நின்ற இரண்டு யானை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது. என்னை அவர் திட்டவே இல்லை. அடுப்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் திரும்பவில்லை.

நாலு நாள் லீவில் வந்தவர் அதற்குப் பிறகு திருப்பூருக்குப் போகவில்லை. கம்பெனிக்காரர்கள் நல்லவர்கள், லீவை நீட்டித்துக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று பெரியம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா எஸ்டேட் ஃபேக்டரியில் சேர்ந்து, தினமும் வேலை முடிந்ததும் நேராக மடுவத்துக்குப் போய் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அப்பாவின் பேச்சு எட்டு ஊருக்குக் கேட்கும். அவர் பேச, அம்மா சிரிக்க, இருவரும் அந்தப் பாதையில் நடந்து வருவார்கள். இடுப்பில் போன் இருக்கும். பாட்டு இருக்காது.

எனக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. ஒரு நாள் குழாயடியில் இருவரையும் மறித்து நின்றுகொண்டு கேட்டே விட்டேன்.

"ஏம்மா, இப்பல்லாம் நம்ம பாட்டப் போடவே மாட்டேங்கிற?"

அம்மா அப்பாவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு என் தலையைத் தடவிக்கொண்டே, "எனக்கு அந்தப் பாட்டு எப்பவுமே புடிக்காது புள்ள" என்றாள்.

அவள் பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். பிடிக்காத பாட்டை யாராவது தினம் மூன்று தடவை போடுவார்களா, மேளத்தைக்கூட விடாமல் மனப்பாடம் செய்வார்களா? கோபத்தில் அன்று முழுக்க அவளோடு நான் பேசவில்லை.