மூச்சு விட்ட சுவர்

வில்லியனூரில் என் கணவர் மளிகைக் கடை வைத்திருந்தார். தன் நாட்டுக்கே திரும்பிய பிரெஞ்சுத் துரை ஒருவரின் சாமான்களைப் புதுச்சேரியில் விற்றபோது, சுவரில் ஒட்டும் காகிதச் சுருள்கள் மீது என் கணவருக்கு ஆசை விழுந்தது. ஒட்டப்போவதோ மாமியார் தொழுகிற அறையில். அங்கே உயிருள்ள எதன் உருவமும் ஆகாது. மயில் போட்டதையும் மான் போட்டதையும் ஒதுக்கிவிட்டு, இன்னதென்று சொல்ல முடியாத நீல வளைவுகள் மட்டும் ஓடிய சுருளை நான்தான் எடுத்தேன்.

மாமியார் பார்த்துத் தொழுகிற மேற்குச் சுவரில் கஞ்சிப் பசை தடவி ஒட்டினோம். அறைக்கே தனி அழகு வந்துவிட்டது, போங்கள்.

மழை பிடித்த வாரம், பிற்பகல் அஸர் தொழுகை முடித்து மாமியார் வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"டேய், எனக்கு எதிர்ல யாரோ மூச்சு வுடறாங்கடா."

"காகிதம் மூச்சு வுடுமா உம்மா? ஈரத்துல பசை வுட்டிருக்கும்," என்று சிரித்தார் என் கணவர்.

"இன்னாடா சிரிப்பு? வந்து பாரு."

போய்ப் பார்த்தோம். சன்னல் சாத்தியிருந்தது, காற்றே இல்லை. நீல வளைவுகள் மெல்லப் புடைத்தன, அடங்கின, மறுபடி புடைத்தன. சிரித்தவர் காகிதத்தைப் பிடித்து இழுத்துக் கிழித்தார். பின்னால் வெறும் சுண்ணாம்புச் சுவர். ஓட்டையோ விரிசலோ இல்லை.

"இனிமே நிம்மதியா தொழுங்க உம்மா."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமியார் தொழுத இடம், விட மனமில்லை. பாயை விரித்து உட்கார்ந்து சுவரையே பார்த்தார். பிறகு பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார்.

"இன்னும் மூச்சு வுடுது," என்றார். "காகிதம் அதைக் காட்டிக் குடுத்துச்சு, அவ்ளோதான்."